பக்கத்து அறைக்குத் தெரிகிறது, மூதூருக்குத் தெரியவில்லை: வீட்டிலுள்ள கேம் சேர்வரை வெளியே திறத்தல்

பாடசாலை விடுமுறையில் திருகோணமலை உவர்மலையிலுள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் மருமகன் தன் கணினியில் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான சேர்வர் ஒன்றை ஏற்கெனவே ஓட விட்டிருந்தான். அடுத்த அறையிலிருந்த அவனுடைய தங்கை தன் மடிக்கணினியிலிருந்து அதற்குள் நுழைந்து, இரண்டு நாட்களில் ஒரு கோட்டையின் பாதியைக் கட்டியும் விட்டாள். ஆனால் மூதூரிலிருந்த அவனுடைய வகுப்புத் தோழனுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் இணைக்க முடியவில்லை என்ற ஒரே செய்திதான் வந்துகொண்டிருந்தது. "மாமா, இன்டர்நெட் வேகமாத்தானே கிடக்கு, பிறகேன் அவனுக்கு மட்டும் வருதில்ல?" என்று கேட்டான். தோழனுக்கு என்ன முகவரி அனுப்பினாய் என்று நான் கேட்க, கைப்பேசியை நீட்டிக் காட்டினான். அதில் 192.168.1.5 என்று இருந்தது. கோளாறு இணையத்தின் வேகத்தில் இல்லை, அந்த முகவரியில்தான் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சேர்வர் என்றதும் குளிரூட்டப்பட்ட அறையில் அடுக்கி வைத்த கரும்பெட்டிகள் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் சேர்வர் என்பது, யாராவது கேட்டால் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கும் ஒரு செயலி, அவ்வளவுதான். அது மேசைக்குக் கீழே இருக்கும் பழைய கணினியிலும் ஓடும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கான சேர்வர் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. நான்கைந்து பேர் விளையாடுவதற்கு அதற்கு 2 ஜிபி நினைவகம் ஒதுக்கினால் பெரும்பாலும் போதும். விளையாட்டின் 1.20.5 பதிப்பிலிருந்து, கணினியில் ஜாவா என்ற மென்பொருளின் 21ஆம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது தேவைப்படுகிறது. முதன்முறை ஓட விட்டதும் செயலி தானே நின்றுவிடும். அது பழுதன்று: உரிம நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாக யூலா என்ற சிறிய கோப்பில் குறித்த பின்னரே அது மறுபடி ஓடும். இவ்வளவையும் மருமகன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்து முடித்திருந்தான். அவன் தடுக்கி நின்றது இதற்கு அடுத்த படியில்தான், பெரும்பாலானோர் நிற்பதும் அங்கேதான்.

வீட்டுக்குள் வழங்கப்படும் முகவரி வேறு, வெளியுலகம் அறிந்த முகவரி வேறு. 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையுள்ளவையும் தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. இந்த ஒதுக்கீட்டை 1996ஆம் ஆண்டின் இணையத் தர ஆவணம் ஒன்று வகுத்தது. உவர்மலையிலுள்ள வீட்டில் 192.168.1.5 என்ற கணினி இருப்பதைப் போலவே மூதூர்த் தோழனின் வீட்டிலும் அதே எண்ணில் ஒரு கைப்பேசியோ தொலைக்காட்சியோ இருக்கலாம். அந்த எண்ணை அவன் தட்டியபோது கோரிக்கை அவனுடைய வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே அந்த எண்ணைத் தேடி, அங்கே மைன்கிராஃப்ட் எதுவும் இல்லாததால் திரும்பிவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள, என் வயதுக்காரர்களுக்கு நன்கு தெரிந்த கொமினிகேஷன் கடை உதவும். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாதிருந்த 1990களில், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பேச விரும்பும் உறவினர் சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடையின் இலக்கத்துக்குத்தான் அழைப்பார்கள். நாம் கடைக்குப் போய் வெளியே பேசுவதில் சிக்கல் எதுவும் இல்லை. அழைப்பை எடுத்துக் கொடுத்தவர் கடைக்காரரே என்பதால், மறுமுனையிலிருந்து பதில் வரும்போது அது எந்தக் கூண்டுக்குள் நிற்பவருக்கு உரியது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக அழைத்து ஒருவரைக் கேட்டால், அந்த ஆள் எந்த ஒழுங்கையில், எத்தனையாம் வீட்டில் இருக்கிறார் என்பதை யாராவது கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லி வைக்காவிட்டால், அப்படி ஒருவரைத் தெரியாது என்று தொலைபேசியை வைத்துவிடுவார்.

வீட்டிலுள்ள ரவுட்டர் அந்தக் கடைக்காரரின் வேலையைத்தான் செய்கிறது. இணைய நிறுவனம் தருவது வழக்கமாக ஒரேயொரு வெளி முகவரி. அதை வீட்டிலுள்ள பத்துப் பன்னிரண்டு கருவிகளும் பகிர்ந்துகொள்ளும்படி ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றத்துக்கு நாட் என்று பெயர். உள்ளேயிருந்து எந்தக் கருவி வெளியே எதைக் கேட்டது என்று அது ஓர் அட்டவணை எழுதி வைத்து, வரும் பதில்களை அதன்படி பிரித்துக் கொடுக்கிறது. அட்டவணையில் இல்லாத அழைப்பு வெளியிலிருந்து வந்தால், எடுத்தெறிந்துவிடுகிறது. அப்படி எறிவதால்தான் வழிப்போக்கர் எவரும் நம் கணினியைத் தட்ட முடியாமல் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போர்ட் ஃபோர்வேர்டிங் என்பது, 25565ஆம் இலக்கப் போர்ட்டைக் கேட்டு எவர் வந்தாலும் 192.168.1.5க்கு அனுப்பு என்று கடைக்காரரிடம் சொல்லி வைப்பதே. போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் வெவ்வேறு செயலிகளைப் பிரித்தறிய உதவும் எண், அது 65535 வரை போகும். தரவு அனுப்பும் முறைகளில் டிசிபி, யூடிபி என்று இரண்டு முக்கியமானவை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு இயல்பாகக் கேட்பது டிசிபி 25565. கைப்பேசிகளில் ஓடும் பெட்ராக் பதிப்பு கேட்பது யூடிபி 19132. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் பெரும்பாலான வழிகாட்டிகள் உடனே ரவுட்டரைத் திறந்து போர்ட் ஃபோர்வேர்டிங் விதியை எழுதச் சொல்லும். நான் அதற்கு உடன்படுவதில்லை. அதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்து ஒரு விடயத்தைச் சரிபார்க்காவிட்டால், ஒரு முழு மாலைப்பொழுதும் வீணாகக்கூடும். கணினியின் உலாவியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க வேண்டும். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், பல 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1 ஆக இருக்கும், கடவுச்சொல்லோடு சேர்த்து ரவுட்டரின் அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே நிலைமையைக் காட்டும் பக்கத்தில் வான் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ற ஒரு வரி இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு தேடுபொறியில் என்னுடைய ஐபி முகவரி என்ன என்று கேட்டு, அங்கே வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வெளி முகவரி நம் கையில் இருக்கிறது, விதியை எழுதலாம். வேறுபட்டால், நம் ரவுட்டருக்கு மேலே இன்னொரு கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். அந்த மேற்கடைக்காரரிடம் சொல்லி வைக்காத வரை, நம் ரவுட்டரில் எத்தனை விதிகள் எழுதினாலும் பயனில்லை.

அந்த மேற்கடைக்காரர் யார் என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். வான் ஐபி 192.168 என்று தொடங்கினால், அநேகமாக அவர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். பைபர் இணைப்புடன் நிறுவனம் பொருத்திச் சென்ற பெட்டியே ஒரு ரவுட்டராக இருக்க, அதன் பின்னால் நாம் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டரையும் மாட்டியிருப்போம். இரண்டாவதை, முகவரி மாற்றம் செய்யாமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்செஸ் பொயின்ட் முறைக்கு மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். மாறாக, எண் 100.64 முதல் 100.127 வரையான வீச்சுக்குள் இருந்தாலோ, 10 என்று தொடங்கினாலோ, மேற்கடைக்காரர் பெரும்பாலும் இணைய நிறுவனமேதான். இதைக் கெரியர் கிரேட் நாட், சுருக்கமாகச் சிஜிநாட் என்பார்கள். அழைத்துப் பேசிய நமது கொமினிகேஷன் கடைக்கே சொந்த இலக்கம் இல்லாமல், பெரிய அலுவலகம் ஒன்றின் தொலைபேசிப் பலகைக்குப் பின்னால் அது ஒரு நீட்டிப்பு இணைப்பாக இருந்தால் எப்படியோ, அப்படி. வெளியிலிருந்து வரும் அழைப்பு அலுவலகத்தின் பலகைக்கே வரும், அங்கிருப்பவருக்கு நம் ஒழுங்கையைப் பற்றி எதுவும் தெரியாது.

நிறுவனங்கள் இப்படிச் செய்வதற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணமன்று. ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுள்ளது, ஆகவே அதில் மொத்தமாக ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே இருக்க முடியும். உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. மேலே சொன்ன 100.64 வீச்சு, இத்தகைய இடைநிலைப் பங்கீட்டுக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது. கைப்பேசிக் கோபுரத்தின் வழியாக வரும் 4ஜி இணைப்புகளில் இது மிகச் சாதாரணம். முகவரிப் பஞ்சமே இல்லாத ஐபி ஆறாம் பதிப்பு, விளையாடும் எல்லோருடைய இணைப்பிலும் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் எல்லோரிடமும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அக்கா வீட்டில் வான் ஐபி 100.72 என்று தொடங்கியது. அதற்கு முதல் நாள் இரவு பதினொரு மணி வரை மருமகன் ரவுட்டரில் ஒன்பது விதிகளை எழுதி வைத்திருந்தான். அவை ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தன, ஒன்றுகூட வேலை செய்யாததற்கு அவன் பொறுப்பில்லை.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர் நிறுவனத்திடம் பொது முகவரி ஒன்றைக் கேட்கலாம். சில இடங்களில் மாதக் கட்டணத்துக்குத் தருவார்கள், சில பொதிகளில் தர மாட்டார்கள். கேட்கும்போது இணைய வேகத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், எனக்குப் பொது ஐபி வேண்டும், சிஜிநாட்டிலிருந்து விலக்க முடியுமா என்று நேராகக் கேட்டால் உரிய ஆளிடம் விரைவில் போய்ச் சேரலாம். மற்ற வழி, டெயில்ஸ்கேல், ஸீரோடயர் போன்ற செயலிகள். இவை விளையாடும் ஒவ்வொருவரின் கணினியிலும் நிறுவப்பட வேண்டும். நிறுவியதும் எல்லாக் கணினிகளும் ஒரே வீட்டு வைஃபையில் இருப்பதைப் போன்ற ஒரு தனி வலையமைப்பு உருவாகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய முகவரி கிடைக்கும். ஒவ்வொரு கணினியும் தானே வெளியே அழைத்துப் பேசத் தொடங்குவதால், உள்ளே வரும் அழைப்புக்குக் கதவு திறக்க வேண்டிய தேவை இல்லாமற்போகிறது. டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் அதே 100.64 வீச்சிலிருந்தே வருவதால், அதைப் பார்த்துச் சிஜிநாட் என்று குழம்பிவிடக் கூடாது.

நான்கைந்து நண்பர்கள் மட்டுமே விளையாடப் போகிறார்கள் என்றால், பொது முகவரி கிடைத்தாலும்கூட நான் இந்த இரண்டாவது வழியையே சொல்வேன். இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்களைத் தேடி இரவு பகலாக அலையும் தானியங்கிச் செயலிகள் ஏராளம். திறக்கப்படாத கதவை அவை தட்டிப் பயனில்லை.

இருந்தாலும் பொது முகவரி கையில் இருந்து, சேர்வரைப் பலருக்கும் திறக்க வேண்டிய தேவை உள்ளவருக்குப் பின்வரும் ஒழுங்கு உதவும். முதலில் சேர்வர் ஓடும் கணினிக்கு வீட்டுக்குள் ஒரே முகவரி நிலையாகக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். ரவுட்டர் டிஎச்சிபி என்ற தானியங்கி முறை மூலம் முகவரிகளைத் தற்காலிகமாகவே கொடுக்கிறது, ஆகவே மின்சாரம் போய் வந்த பின் 192.168.1.5 என்பது அக்காவின் கைப்பேசிக்குப் போய்விட்டால் விதி தவறான வீட்டுக்கு ஆளனுப்பும். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அந்தக் கணினியின் மேக் முகவரியோடு, அதாவது அதன் வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணோடு, அந்த எண்ணைப் பிணைத்து வைப்பதே சிறந்த முறை. அதன் பின் போர்ட் ஃபோர்வேர்டிங் பக்கத்தில், சில ரவுட்டர்களில் இது வேர்ச்சுவல் சேர்வர் என்ற பெயரில் இருக்கும், வெளிப் போர்ட் 25565, உள் போர்ட் 25565, நெறிமுறை டிசிபி, உள் முகவரி 192.168.1.5 என்று நிரப்பிச் சேமிக்க வேண்டும். டிஎம்ஸெட் என்று பக்கத்திலேயே ஒரு தெரிவு இருக்கும், அது எல்லாப் போர்ட்களையும் அந்தக் கணினிக்குத் திறந்துவிடும் என்பதால் அதைத் தொடக்கூடாது. விண்டோஸின் தொலைநிலை டெஸ்க்டொப் பயன்படுத்தும் 3389ஐயும் எந்தக் காரணம் கொண்டும் வெளியே திறக்கக் கூடாது.

அடுத்த தடை கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வோல், வீட்டு வைஃபையைத் தனியார் வலையமைப்பு என்றோ பொது வலையமைப்பு என்றோ வகைப்படுத்தி, அதற்கேற்ப உள்ளே வரும் இணைப்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும். ஜாவா முதன்முறை ஓடியபோது தோன்றிய அனுமதிப் பெட்டியில், படிக்காமலே ரத்துச் செய் என்பதை அழுத்தியவர்களின் சேர்வர் ஊமையாகவே இருக்கும். ஃபயர்வோலை முழுவதுமாக அணைத்துப் பார்ப்பதைவிட, அதன் உள்வரும் விதிகளில் டிசிபி 25565க்கு மட்டும் அனுமதி எழுதுவது நல்லது.

பரிசோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. அதே வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டிப் பார்த்தால், எல்லாம் சரியாக இருந்தும்கூட இணைப்புக் கிடைக்காமல் போகலாம். உள்ளிருந்து புறப்பட்டு வெளி முகவரியைத் தொட்டு மறுபடி உள்ளே திரும்பும் பயணத்தைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே மடிக்கணினியை வைஃபையிலிருந்து துண்டித்து, கைப்பேசியின் டேட்டாவை ஹொட்ஸ்பொட்டாகக் கொடுத்து, அதன் வழியாக முயன்று பார்க்க வேண்டும். சேர்வரின் அமைப்புக் கோப்பில் வைட்லிஸ்ட்டை இயக்கி நண்பர்களின் பெயர்களை மட்டும் சேர்த்துக்கொள்வதையும், நுழைபவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் ஒன்லைன் மோட் என்ற வரியை ட்ரூ என்றே விட்டு வைப்பதையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிடலாம். வெளி முகவரி அவ்வப்போது மாறும் இணைப்பாக இருந்தால், மாறும் முகவரியை மாறாத பெயரோடு பிணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் ஒரு பெயரைப் பதிந்து, அந்தப் பெயரையே நண்பர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

நாங்கள் டெயில்ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தோம். மூதூர்த் தோழன் நிறுவி முடிக்க இருபது நிமிடம் எடுத்தான், அதில் பதினைந்து நிமிடம் மறந்துபோன மின்னஞ்சல் கடவுச்சொல்லுக்குச் செலவானது. பிறகு மருமகனின் திரையின் இடது கீழ் மூலையில் அவன் உள்ளே வந்துவிட்டதாக ஒரு மஞ்சள் வரி தோன்றியது. அடுத்த அறையிலிருந்து தங்கை, "என்ட கோட்டையில கை வைக்க வேணாமெண்டு சொல்லு" என்று கத்தினாள்.

ஆனால் அரை மணி நேரத்தில் அடுத்த முறைப்பாடு வந்தது: ஆட்டம் தத்தித் தத்தி நகர்கிறதாம். மூதூர் கொட்டியாரக் குடாவின் மறுகரையில்தான் இருக்கிறது, தெளிந்த நாளில் கண்ணுக்கே தெரியும். ஆயினும் இரண்டு வீட்டு இணைப்புகளும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றால், தரவு கொழும்புப் பக்கம் போய்த் திரும்பி வரக்கூடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதி வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், அந்தச் சுற்றுப் பயணம் முழுவதற்கும் ஐந்தாறு மில்லிசெக்கன் போதும். இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் அது ஆட்டத்தைத் தத்த வைக்கும் அளவு அன்று. தொரன்டோவிலுள்ள உறவுக்காரப் பையனின் கதை வேறு: 13,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தைப் போய் வர, கம்பி நேர்கோட்டில் கிடந்தாலும் 130 மில்லிசெக்கனுக்குக் குறையாது, கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் அதிகமாகும். அவன் கட்டடம் கட்டலாம், வாட்சண்டைக்கு வந்தால் தோற்பான். எந்த ரவுட்டர் வாங்கினாலும் இது மாறாது.

மூதூர்த் தோழனின் தாமதத்துக்குக் காரணம் வெளியே இல்லை, வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, விண்டோஸின் கட்டளைச் சாளரமான கொமாண்ட் புரொம்ப்டில், தரவு போய்வர எடுக்கும் நேரத்தை மில்லிசெக்கனில் காட்டும் பிங் கட்டளையைத் தட்டி 192.168.1.1க்கு, அதாவது எங்கள் ரவுட்டருக்கே, அனுப்பிப் பார்த்தேன். வரிசையாக 2, 3, 88, 4, 140, 3 என்று எண்கள் வந்தன. பக்கத்து அறையிலுள்ள பெட்டிக்குப் போய்வரவே 140 மில்லிசெக்கன் எடுத்தால், மூதூர்க்காரன் என்ன செய்வான்? வைஃபை இரண்டு தடித்த சுவர்களைத் துளைத்து வந்தது, அயல்வீடுகளின் வைஃபையோடு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் முண்டியடித்தது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். சனலை மாற்றிப் பார்க்கலாம், 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறலாம், ஆனால் சேர்வர் ஓடும் கணினிக்கு உரிய மருந்து ஈதர்நெட் கேபிள்தான். கெட் 5ஈ வகைக் கேபிள் 100 மீற்றர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொண்டு செல்லும், வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கேபிள் கிடந்தது. அதைச் செருகியபோது இணைப்பின் வேகம் 1 கிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட் என்று காட்டியது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: எட்டு ஊசிகளில் இரண்டின் மேல் மெல்லிய பச்சை படிந்திருந்தது. யன்னலோரம் கடற்காற்றுப் பட்டுக் கிடந்த கேபிள் அது. கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும், இரண்டு சோடி மட்டும் தொடர்பிலிருந்தால் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். மைன்கிராஃப்டுக்கு அந்த 100 தாராளமாகப் போதும் என்றாலும், இன்று இரண்டு ஊசி போனது நாளை மூன்றாகும் என்பதால், அந்தப் பிளக்கை வெட்டி எறிந்து புதியதை நெரித்துப் பொருத்தினோம். பிங் எண்கள் ஒன்றிலும் அதற்குக் கீழும் நின்றன, தத்தலும் நின்றது.

மின்தடை வரும் வீட்டில் சேர்வரை வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. சேர்வரை நிறுத்தும்போது சாளரத்தை மூடிவிடாமல், அதன் கட்டளை வரியில் ஸ்டொப் என்று ஆங்கிலத்தில் தட்டி, உலகத்தைச் சேமித்து முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உலகக் கோப்புகள் சிதையக்கூடும். 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டர்களுக்கான சிறிய யூபிஎஸ் ஒன்றை மாட்டினால் இணைப்பு உயிரோடிருக்கும், ஆனால் மேசைக் கணினியை அது தாங்காது. ஆகவே வேர்ல்ட் என்ற கோப்புறையை, சேர்வரை நிறுத்திய பின், நாளுக்கு ஒருமுறை பென் டிரைவில் பிரதியெடுத்து வைக்கும் பொறுப்பைத் தங்கையிடம் ஒப்படைத்திருக்கிறோம். கோட்டை அவளுடையது என்பதால் அவள் மறப்பதில்லை.